பாதியில் விட்ட கை

கல்லூரிகளில் இப்போது ஒவ்வொரு ஆசிரியரின் பெயருக்கு நேரேயும் இருபது, முப்பது மாணவர் பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஆசிரியர் ‘மென்டர்’, மாணவர் ‘மென்டீ’. பள்ளிகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் தன்னார்வலர்களை அண்ணன், அக்கா என்று பிள்ளைகளோடு சேர்த்துவிடுகிறார்கள். இளம் பிள்ளைகளின் மனதுக்கு இப்படி ஒரு துணை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படிச் செய்தால் நல்லது என்பது பற்றி நாம் நம்புகிறவற்றில் பல தவறானவை. சில, பிள்ளைகளைக் காயப்படுத்தக்கூடியவை.

நம்பிக்கை: நல்ல மனதோடு செய்தால் கெடுதல் வராது.

உண்மை: வந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என இரண்டு பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அங்கே ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், அன்பான ஒரு பெரியவரின் துணை தொடர்ந்து கிடைத்தால் சிறுவர்கள் தவறான வழிக்குப் போகமாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். 506 சிறுவர்களை, குணமும் குடும்பச் சூழலும் ஒத்துப்போகும்படி இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். இருவரில் யாருக்குத் துணை என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். 1939 முதல் 1945 வரை, மாதத்துக்கு இரண்டு முறை என்ற சராசரியில் ஆலோசகர்கள் அந்தச் சிறுவர்களைச் சந்தித்தார்கள். பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கும் அனுப்பினார்கள்.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, நடுவயது ஆண்களாகத் தேடிப் பிடித்தார். துணை கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அது தங்களுக்கு உதவியது என்றே சொன்னார்கள். நீதிமன்றப் பதிவேடுகளும் மருத்துவமனைப் பதிவேடுகளும் வேறு கதை சொல்லின. மறுபடி குற்றம் செய்தது, குடிநோயின் அறிகுறிகள், கடுமையான மனநோய், முன்கூட்டிய மரணம் எல்லாமே துணை கிடைத்தவர்களிடம்தான் அதிகம். 1978இல் அவர் இதை வெளியிட்டார்.

ஏன் இப்படி ஆனது? பின்னால் நடந்த ஆய்வில் ஒரு தடயம் கிடைத்தது. ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்குப் போன சிறுவர்களிடம்தான் பாதிப்பு குவிந்திருந்தது. தடுமாறும் வயதில் இருப்பவர்களை ஒன்றாக அடைத்துவைத்தால், ஒருவன் செய்த அடாவடிக்கு மற்றவன் கைதட்டுகிறான், அது வளர்கிறது. இன்றும் ‘பிரச்சினைப் பசங்க’ என்று பொறுக்கியெடுத்து ஒரே அறையில் உட்காரவைக்கிற பழக்கத்தைப் பார்க்கும்போது இந்த ஆய்வுதான் என் நினைவுக்கு வருகிறது. இன்னொன்றையும் அது கற்றுத்தந்தது. முகாம் முடிவில் பிள்ளைகள் எழுதித் தரும் நன்றிக் கடிதம் அவர்களின் அன்பைக் காட்டும். திட்டம் பலன் தந்ததா என்பதைக் காட்டாது.

நம்பிக்கை: மூன்று மாதம் வந்தாலும் வரட்டும், ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

உண்மை: இதுதான் நம்மிடம் மிகப் பரவலாக இருக்கும் தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமெரிக்காவின் பழைய வழித்துணை (‘மென்டரிங்’) அமைப்பு. அதன் வேர் 1904ஆம் ஆண்டு நியூயார்க்கின் சிறார் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1995இல் அந்தத் திட்டத்தைப் பற்றி வந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. துணை கிடைத்த பிள்ளைகள், காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிள்ளைகளைவிடப் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு என்றது அது. அந்தச் சராசரிக்குள் என்ன இருக்கிறது என்று ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பலன் மிகுதி. காலம் குறையக் குறையப் பலனும் தேய்ந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. படிப்பில் தன்னால் முடியும் என்ற எண்ணமும் சரிந்திருந்தது.

இதில் வியப்பு இல்லை. துணை தேவைப்படுகிற பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்டவர்கள். அப்பா போயிருப்பார், அல்லது அம்மா வெளியூரில் வேலையில் இருப்பார். புதிதாக வந்த அக்கா நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஐந்தாவது ஞாயிறு வராமல் போனால் அந்தப் பிள்ளை அக்காவுக்குத் தேர்வு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாது. ‘நான் சரியில்லை, அதான் வரல’ என்றே நினைக்கும். சான்றிதழுக்காக ஒரு பருவம் மட்டும் வரும் மாணவர்களைத் தனித்துணையாக அமர்த்தும் திட்டங்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்களுக்கு நூலகம், விளையாட்டு என்று வேறு வேலை கொடுக்கலாம். தனித்துணையாக வருபவரிடம், ஓராண்டு இருக்க முடியுமா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இடையில் போக நேர்ந்தால், எப்போது, ஏன் போகிறோம் என்று அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் நின்றுபோவதுதான் ஆறாத காயம்.

நம்பிக்கை: ஆசிரியர்தான் இதற்குப் பொருத்தமானவர், தனியாக ஆள் எதற்கு?

உண்மை: பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 75 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், பயிற்சி கொடுத்து அமர்த்திய சாதாரண ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தார். இன்னொரு பிரிவில் அதே வேலையை ஒரு ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவதில் வழக்கமான பாடத்திட்டம் மட்டும். சுவர்ப் பத்திரிகை, மனதில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, பயிலரங்கம், தனிப் பேச்சு என முதல் இரண்டு பிரிவிலும் வேலை ஒன்றுதான். 2018இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும், சீண்டலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடம், தேர்வு, பதிவேடு என்று நிரம்பி வழியும் நாளில் இன்னொரு சுமையை ஏற்றினால் எதையும் முழுதாகச் செய்ய முடியாது. தவிர, மதிப்பெண் போடுகிற கையிடமே மனதைத் திறந்து காட்டு என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்பதும் நியாயமில்லை என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: மென்டரின் வேலை புத்தி சொல்வது.

உண்மை: புத்தி சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் பிள்ளை இங்கே வந்திருக்கிறது.

நம்பிக்கை: தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும்.

உண்மை: நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினரின் கேள்வித்தாளில் தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன, மறு பாதியில் இல்லை. 2005இல் வந்த முடிவின்படி, கேட்கப்பட்டவர்களின் மனக்கலக்கம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிலோ, கேட்கப்பட்டவர்களுக்குக் கலக்கம் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: “செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?” பதில் ஆமாம் என்றால் பதற வேண்டாம், திட்ட வேண்டாம், தனியே விட்டுவிட்டும் போக வேண்டாம். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கை மட்டும் எந்த மென்டரும் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும், அதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்துவிடுவது நேர்மை. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அது ஒவ்வொரு மென்டரின் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: நல்ல மென்டர் கிடைத்துவிட்டால் மருத்துவம் தேவையில்லை.

உண்மை: தேவை. 70 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த கணக்கு, வழித்துணையின் பலன் உண்மையானது, ஆனால் மிதமானது என்கிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் சுருண்டு கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப்போவதும் துணையின் வேலைதான்.

நம்பிக்கை: திட்டம் இருந்தால்தான் துணை கிடைக்கும்.

உண்மை: ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக எழுந்து நின்றார். அப்படி நின்றவர்களின் வாழ்க்கையில் தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, அக்கம்பக்கத்தாரோ அக்கறையுள்ள ஒருவர் இருந்தார்.

அமெரிக்காவில் பள்ளியை விட்டு நின்ற இளைஞர்களுக்கான ஒரு திட்டத்தில், மென்டரை அந்த இளைஞர்களே தங்களுக்குத் தெரிந்தவர்களிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மற்றவர் பார்த்துக்கொடுத்த துணையைவிட, தானே தேர்ந்துகொண்ட துணை அதிக நாள் நீடித்தது. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பட்டியல் போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப்பார்க்கலாம்: உனக்கு ஒரு கஷ்டம் என்றால் எந்தப் பெரியவரிடம் போய் உட்காரத் தோன்றும்? கபடி மாஸ்டரோ, சித்தியோ, தெருமுனைத் தையல்கடை அக்காவோ, அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, அவரைத் தேடிப் போய், ஓராண்டு கூட இருக்க முடியுமா என்று கேட்கலாம்.