பட்டியல்ல நம்ம பேரு இருக்கா?

இந்த மாதப் பாடம்: குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கு



ஒவ்வொரு கூட்டத்திலும் நாம முதல்ல என்ன செய்யறோம்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடறோம். அப்புறம் சேமிப்பு, கடன் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேக்கறோம். போன வாரம் கட்டின நூறு ரூபாய் கணக்கில் ஏறலைன்னா சும்மா இருப்போமா? "ஏனுங்கக்கா, எம் பேருக்கு நேரா ஒண்ணையும் காணமே?" என்று அங்கேயே கேட்டுவிடுவோம். ஊக்குநர் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. கணக்கை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கணும், அதுதான் நம்ம வழக்கம். நம்ம குழுக்கள் இத்தனை வருஷம் நிலைத்து நிற்பதற்கும் அதுவே காரணம்.

நம்ம பேரு இருக்க வேண்டிய இன்னொரு பதிவேடும் இருக்கிறது. அதுதான் வாக்காளர் பட்டியல். அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஓட்டுப் போடற அன்னிக்கு வரிசையில் நின்று, "உங்க பேரு இல்லீங்களே" என்று சொன்ன பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்?

பேர் சொல்லாததால் போன ஓட்டு

1951-52இல் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 21 வயது ஆன எல்லோருக்கும் ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் ஓட்டுரிமை. பட்டியல் எழுத வீடு வீடாக ஆள் வந்தார்கள். அப்போது பல பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. வெளி ஆளிடம் பேர் சொல்வது வழக்கமில்லை என்று நினைத்தார்கள். "இன்னாரோட சம்சாரம்", "இன்னாரோட மகள்" என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தப் பேர் இல்லாத பதிவு செல்லாது என்றார். பேரைச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

இன்றைக்கு நாம பேர் சொல்லக் கூச்சப்படுவதில்லை. ஆனாலும் பேர் விட்டுப்போவது நின்றுவிடவில்லை.

2025இல் நடந்தது

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. வீட்டுக்கு வந்து படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கிப் போனது நினைவிருக்கும். டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. அதற்கு முன் மாநிலத்தில் 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். வரைவில் 5 கோடியே 43 லட்சம். சுமார் 97 லட்சம் பேர் அதில் இல்லை. இறந்தவர்கள் என்று சுமார் 27 லட்சம், இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்று சுமார் 66 லட்சம், இரண்டு இடத்தில் இருந்த பேர்கள் 3 லட்சத்துக்கு மேல். நம் திருப்பூர் மாவட்டத்தில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம்.

இறந்தவர் பேரை எடுக்கத்தான் வேணும். அந்தப் பேர்தான் கள்ள ஓட்டுக்கு வாசல். ஒருத்தருக்கு இரண்டு இடத்தில் பேர் இருப்பதும் தப்பு. பிழைப்பு தேடி வருவதும் போவதும் நம் பனியன் பூமியில் தினமும் நடக்கிறது. ஆனால் உயிரோடு, இதே ஊரில் இருக்கிறவர் பேர் சேர்ந்து போய்விட்டால்?

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். வரைவுப் பட்டியலைக் கூட்டத்தில் வாசித்தபோது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் பேர் இல்லை. "நானு மூத்த புள்ளையோட பிரசவத்துக்குப் பல்லடம் போயிருந்தேனுங்க. ரெண்டு மாசம் அங்கதான் இருந்தேன். பூட்டுன வீட்டப் பாத்துட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார். கையில் அடையாள அட்டை இருந்தது. அட்டை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குழுப் பெண்கள் இருவர் கூடப் போய், படிவம் 6ஐ உறுதிமொழிப் படிவத்தோடு கொடுத்தார்கள். பேர் மறுபடி ஏறியது. அன்றைக்கு வாசிக்காமல் விட்டிருந்தால்?

கேட்டதால் கிடைத்தது

இதே திருத்தம் பீகாரில் முதலில் நடந்தது. 2025 ஆகஸ்ட் 1இல் வந்த வரைவில் சுமார் 65 லட்சம் பேர் இல்லை. யார் யார், எதனால் என்று தெரியவில்லை. ஏ.டி.ஆர். என்ற அமைப்பும் வேறு பலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஏ.டி.ஆர். என்பது 1999இல் அகமதாபாத்தில் சில பேராசிரியர்கள் சேர்ந்து தொடங்கியது. வேட்பாளர்கள் தங்கள் சொத்து, வழக்கு, படிப்பு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பையும் 2002இல் வாங்கியது இவர்கள்தான். 2025 ஆகஸ்ட் 14இல் நீதிமன்றம், விடுபட்ட பேர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னது. இணையதளத்தில் மட்டும் போட்டால் போதாது, ஊரில் உள்ள அலுவலகங்களிலும் ஒட்டணும் என்றது. பட்டியல் மூடி வைக்கும் கணக்கு அல்ல என்பது இதில் நமக்குள்ள பாடம்.

நம்ம பேர் ஏன் விட்டுப்போகிறது?

கல்யாணம் ஆகி ஊர் மாறுகிறோம். அப்பன் வீட்டில் பேர் போகிறது, புருஷன் வீட்டில் ஏறுவதில்லை. நம் பகுதியில் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். உடுமலைப்பேட்டையிலிருந்து மடத்துக்குளம் பக்கம் வாக்கப்பட்டுப் போனால், தூரம் கொஞ்சம்தான், ஆனால் தொகுதியே வேறு. கணக்கெடுக்க வரும் நேரம் நாம மில் வேனில் போயிருப்போம், இல்லைன்னா தோப்பு வேலையில் இருப்போம். வாடகை வீடு மாறுவோம். பேர், வயது, தகப்பன் பேர், கணவர் பேர் தப்பாக அச்சாகி இருக்கும்.

குழு செய்ய வேண்டியது

1. வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோதான் அந்த வேலையைப் பார்க்கிறார்.

2. வருஷம் ஒரு தடவை நம் வாக்குச்சாவடிப் பட்டியலைக் கூட்டத்தில் வாசியுங்கள். உறுப்பினர், அவர் வீட்டார், அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர், மாற்றுத்திறனாளி என்று ஒவ்வொரு பேராகப் பாருங்கள். பேர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

3. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. நீக்கவோ ஆட்சேபம் சொல்லவோ படிவம் 7. முகவரி மாற்ற, திருத்தம் செய்யப் படிவம் 8. தொகுதி மாறிப் போனவர்களுக்கும் படிவம் 8தான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது நிறைகிறவர்கள் சேரலாம். 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம்.

4. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வர வேண்டாம்.

5. ஊரில் இறந்தவர் பேர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பொய்யாகத் தகவல் கொடுப்பது குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஓட்டுப் போடும் நாளில்

ஓட்டு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு, தினக்கூலிக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறது. மில், பனியன் கம்பெனி, கடை எதுவானாலும் கேட்கலாம். ஒருத்தி தனியாகக் கேட்பதை விட, ஒரே வேனில் போகிறவர்கள் சேர்ந்து முன்கூட்டியே கேட்பது நல்லது.

அடையாள அட்டை தொலைந்திருந்தாலும், பட்டியலில் பேர் இருந்தால் ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், பான் கார்டு போன்றவற்றைக் காட்டலாம். ரேஷன் கார்டும் பூத் சிலிப்பும் மட்டும் போதாது.

உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று அவருக்குத் திருப்தியானால் வாக்குச்சீட்டு தருவார். டெண்டர் ஓட்டு என்று அதற்குப் பேர். அதைத் தனியாக உறையில் வைப்பார்கள். நீதிமன்றம் சொன்னால்தான் எண்ணுவார்கள். ஆனாலும் கள்ள ஓட்டு விழுந்ததற்கு அது எழுத்துச் சாட்சி.

பட்டனை அழுத்தியதும் பக்கத்து இயந்திரத்தில் நாம போட்ட சின்னம் 7 விநாடி தெரியும். பார்த்துவிட்டு வாங்க. நேரம் முடியும்போது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஓட்டுப் போட உரிமை உண்டு.

குழுவைத் தேடி வரும் கவர்

இதைச் சொல்லாமல் பாடம் முடியாது. தேர்தல் வந்தால் நம்மைத் தேடி வருகிறார்கள். ஒரு ஊக்குநர் கையில் கொடுத்தால் இருபது வீட்டுக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். பத்து, இருபது வருஷமாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரு நாள் கவருக்குத் தரகாக ஆக்கலாமா? வாங்கினவர், வாங்காதவர் என்று குழு இரண்டாவதுதான் மிச்சம்.

பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 170ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பண விநியோகம் காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் தள்ளிப்போயின. வேலூர்க்காரர்கள் மூன்றரை மாதத்துக்கு மேல் கழித்துத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

"வாங்கிட்டேன், சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்" என்று சிலர் கலங்குகிறார்கள். ஒரு பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது வெளியே தெரியும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எவருக்கும் தெரியாது. தப்பான வேலைக்கு வாங்கின சத்தியம் நம்மைக் கட்டாது. யாரையும் பிடிக்கவில்லையா, 2013 முதல் நோட்டா இருக்கிறது.

ஒன்று கவனம். உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், அது அவரவர் உரிமை. குழுவின் பேர், முத்திரை, கூட்டம் எதுவும் எந்தக் கட்சிக்கும் போகக்கூடாது. பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் மொத்தமாக வாங்கி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேரின் பெயர் பட்டியலில் இருக்கிறது? இன்றே பார்த்தவர் யார்?
2. கல்யாணம் ஆகி வந்த மருமகள்கள் பேர் எந்த ஊரில் இருக்கிறது?
3. ஓட்டு நாளில் வேலைக்குப் போக வேண்டியிருந்தவர் உண்டா? யாரிடம் கேட்டார்கள்?
4. "குழு மூலமாகப் பணம் வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம்" என்று தீர்மானம் போடலாமா?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தன் பேரையும், பக்கத்து வீட்டு வயதானவர் ஒருவர் பேரையும் பார்த்து வரவும். விட்டுப்போன பேர்களை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுக்கவும்.