தலையைப் பார்த்தபின் சீப்பை எடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. வானூரில் பார்லர் போட்டால் புருவம், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் என்று ஓடும் என்று நினைத்திருந்தாய். வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையைச் சொறிந்துகொண்டே பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் வியப்பில்லை. மரக்காணம் அளத்தில் உப்பு வாருகிற பெண்களும், திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் தூசியிலேயே நிற்கிற பெண்களும் உன் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்கள் தலையை முடி விலக்கிப் பார்த்த முதல் ஆள் பெரும்பாலும் நீயாகத்தான் இருப்பாய். அரிப்புக்கென்று யாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில்லை.

சுருட்டை முடியை நேராக்காமல், சாயம் போடாமல், பிறந்தபடியே வைத்துக்கொள்ள நினைக்கிற பெண்கள் உன்னிடம் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். அவர்களில் ஒருத்தி கேட்டதை அப்படியே எழுதியிருந்தாய்: “நுனி வைக்கோல் மாதிரி காய்ஞ்சு கெடக்கு, உச்சியில பொடுகு கொட்டுது. எண்ணெய் வைக்கிறதா வேணாமாக்கா?”

முடிக்கு வைக்கலாம். தலைத்தோலில் வைக்கக் கூடாது. இந்த ஒன்றை நீ உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

தலை வறண்டு போனதால்தான் பொடுகு என்று நம் வீடுகளில் காலங்காலமாக நம்புகிறார்கள். அதனால் பொடுகைப் பார்த்ததும் கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது. நடப்பது வேறு. மலசீசியா என்ற ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தோலில் ஊறும் எண்ணெய்ப்பசைதான் அதற்குச் சாப்பாடு. அந்தப் பசையை அது உடைக்கும்போது ஓலிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் மிஞ்சுகின்றன. சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிந்து, மேலடுக்கை முதிரும் முன்பே உதிர்க்கிறது. உச்சியில் எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் செதில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பொடுகு குறைந்த மாதிரி தெரியும். இரண்டு நாளில் இரட்டிப்பாகத் திரும்பும். அதைப் பார்த்து இன்னும் எண்ணெய் வைப்பார்கள்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதல். நேர்முடியில் தோலின் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது இறங்குவதில்லை. ஆகவே வேர்ப்பக்கம் பசை, நுனிப்பக்கம் வறட்சி, இரண்டும் ஒரே தலையில் இருக்கும். நுனியை மட்டும் பார்த்து உச்சிக்கு மருந்து சொல்லிவிடாதே. நுனிக்குத் தேங்காய் எண்ணெயைவிட நல்ல துணை கிடையாது. ரேலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கழுவும்போது முடியிலிருந்து போகும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்த வேலையைச் செய்யவில்லை என்றும் காட்டினார்கள். ஆகவே குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், காதுமட்டத்துக்குக் கீழே இருக்கிற முடியில் மட்டும் தடவச் சொல். விரல் உச்சிக்குப் போக வேண்டாம்.

உன் ஊர்த் தண்ணீரைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன், ஏனென்றால் வேறு ஊர்க்காரர்கள் எழுதிய பியூட்டிஷியன் பாடப் புத்தகத்தில் இது இருக்காது. கழுவெளி ஏரியைச் சுற்றிய கிராமங்களிலும் மரக்காணம் கடலோரத்திலும் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் நுரை வராது. தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து முடியிலும் தோலிலும் படியும். காய்ந்ததும் மாவாக உதிரும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் அழுத்திச் சோப்புப் போடுகிற அக்காக்கள் எத்தனையோ பேர். ஷாம்பு உப்புத் தண்ணீரிலும் அப்படித் திரியாது. தலைக்குச் சோப்பு வேண்டாம் என்று சொல்வதற்கே ஒரு நாளில் பத்து முறை வாய் திறக்கலாம், தப்பில்லை. கடைசி ஒரு சொம்பு மட்டும் மழைத்தண்ணீரோ குடிக்கிற கேன் தண்ணீரோ ஊற்றி அலசினால் முடியின் சொரசொரப்பும் குறையும்.

இனி, தலையைப் பார்க்கும் விதம். ஜன்னல் பக்கம் உட்கார வை. சீப்பின் வாலால் நடுவகிடு எடு, பிறகு காதுக்கு மேல், பிறகு பிடரி. ஒவ்வொரு வகிட்டிலும் தோலின் நிறம் என்ன, உதிர்வது எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பார். தோல் சிவக்காமல் வெள்ளை மாவு மட்டும் முடியின் மேல் படிந்திருந்தால் அது பெரும்பாலும் சோப்புக் கசடு. மஞ்சள் கலந்த, பிசுபிசுப்பான செதில், கீழே இளஞ்சிவப்பு, புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே செதில் என்றால் பொடுகு முற்றிய நிலை. வெள்ளியாய் மின்னும் தடித்த பொருக்கு நெற்றிக்கோட்டையும் தாண்டி வந்திருந்தால், முழங்கையையும் முழங்காலையும் காட்டச் சொல். அங்கும் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம், அது மருத்துவர் வேலை. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அரிப்பு என்றால் முடியிலிருக்கும் வெள்ளைப் புள்ளியை இரண்டு நகத்தால் இழுத்துப் பார். பொடுகானால் வழுக்கி வந்துவிடும். பேனின் ஈரானால் அசையாது.

அளத்துப் பெண்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. வெயில் ஏறும் முன்னே பாத்தியில் இறங்குகிறார்கள். வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கிறார்கள். கூடையிலிருந்து கசியும் உப்புநீர் சும்மாட்டில் ஊறி உச்சியில் இறங்குகிறது. வியர்வையும் சேர்ந்து காய்ந்ததும் உப்புத் தோலைப் பிடிக்கிறது, சொறிகிறார்கள், கீறலில் மறுபடி உப்பு. இவர்களுக்கு ஷாம்பு பெயர் சொல்லுமுன் சும்மாட்டுத் துணியைக் கேள். அதே துணி எத்தனை நாள்? இரண்டு துணி வைத்துக்கொண்டு, ஒன்றை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, மாற்றி மாற்றிக் கட்டச் சொல். வேலை முடிந்து வந்ததும் ஷாம்பு இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீரில் தலையை அலசச் சொல். ஈரத்தோடு கொண்டை போட வேண்டாம். உச்சியில் முடி தேய்ந்திருந்தால் அது நோயாகவே இருக்க வேண்டியதில்லை, பாரம் அழுத்திய தேய்மானமாகவும் இருக்கலாம். அதைக் கண்டு அவமானப்படுகிற பெண்ணிடம் அப்படியே சொல். உழைத்த தலை அது.

சாதாரணப் பொடுகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு நன்றாகவே கேட்கும். ஜிங்க் பைரிதியோன், செலீனியம் சல்ஃபைடு உள்ளவையும் கேட்கும். ஆனால் போட்ட கையோடு கழுவிவிட்டால் பணம் தண்ணீரில் போன கதைதான். முடியை நான்காகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தடவி, 3 முதல் 5 நிமிடம் விட்டுவிட்டு அலச வேண்டும். நகம் படக் கூடாது. சுருட்டை முடி என்றால் அலசியபின் கண்டிஷனரை நீளத்துக்கு மட்டும் போட்டு, ஈரமாக இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடு. வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். நம் பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிப்பவர்கள், கணக்கு தானாகப் பொருந்திவிடுகிறது. அடங்கியபின் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை போதும். அடியோடு போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. அந்தப் பூஞ்சை தலையை விட்டுப் போகிறதில்லை, அடக்கி வைக்கத்தான் முடியும்.

விலை கட்டாது என்பவர்களுக்கு, தினசரிக்குப் பாக்கெட் ஷாம்பு போதும். ஏழைக்கு எட்டாத சரக்காக இருந்த ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தவர், உனக்குப் பக்கத்துக் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு.

சீயக்காயும் அரப்பும் கெட்டவை அல்ல. பொடுகு இல்லாத தலைக்கு, நன்றாகச் சலித்த தூளாக இருந்தால், எனக்கும் பிடித்தவை. செதில் படிந்த தலையில் தூள் தங்கிப்போய் அரிப்பைக் கூட்டும், அதனால் ஆறும்வரை நிறுத்திவை. பொடுதலைத் தைலம், வெட்பாலைத் தைலம் பற்றி வயதானவர்கள் கேட்பார்கள். அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேட்டு வாங்கட்டும். அவர்கள் சொன்ன நேரம் வைத்திருந்து கழுவிவிடட்டும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போவதைக் கண்டிப்பாகத் தடு. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துப்போகும்.

உனக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆசை. சாரா ப்ரீட்லவ் 1867இல் அமெரிக்காவின் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களுக்குப் பிறந்தவர். ஏழு வயதில் அனாதை. துணி வெளுத்து மகளை வளர்த்தார். தலைத்தோல் நோயில் முடி கொட்டியது. அவரைப் போன்ற கறுப்பினப் பெண்கள் பலர் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, தலைக்குக் குளிப்பதே அபூர்வம். அந்தத் துன்பத்திலிருந்துதான் கந்தகம் சேர்த்த களிம்பும், தலையை அடிக்கடி கழுவும் முறையும் கொண்டு, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் பெரிய தொழிலை எழுப்பினார். 1908இல் பிட்ஸ்பர்க்கில் பயிற்சிக் கல்லூரி திறந்து, தன்னைப் போன்ற ஏழைப் பெண்களைத் தலை பார்க்கப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார். 1919இல் இறக்கும்போது நாட்டின் பெரும் செல்வம் படைத்த கறுப்பினப் பெண்களில் ஒருவர். சூடேற்றிய சீப்பால் சுருட்டையை நேராக்கும் வழக்கமும் அவர் முறையில் இருந்தது, அதற்காக அன்றும் இன்றும் வாதம் நடக்கிறது. நான் அவரிடம் எடுத்துக்கொள்வது, அழகுக்கு முன் தோலைக் கழுவக் கற்றுக்கொடுத்த அந்த ஒழுங்கை.

ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங் கேட்டு வருகிறவர்களை நீ திருப்பி அனுப்ப முடியாது, வாடகை கட்ட வேண்டும். ஆனால் அரிப்பும் புண்ணும் உள்ள தலையில் அதைச் செய்யவே செய்யாதே. சூட்டில் ஃபார்மால்டிஹைடு கிளம்பும் சரக்கு உண்டு, அது அவள் கண்ணுக்கும் உன் நுரையீரலுக்கும் ஆகாது. அதோடு, செய்தபின் மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். பிறகும் மடிப்பு விழுந்துவிடும் என்று பயந்து கழுவாமலே வைத்திருக்கிறார்கள். பொடுகு அங்கேதான் வளர்கிறது. சாயத்திலும் கவனம். “கறுப்பு மருதாணி” என்று விற்கிற தூள் பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. சாயம் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலை அரித்து, காது நெற்றி வீங்கினால் அது பொடுகு அல்ல, ஒவ்வாமை. இனி அந்த ஆளுக்கு எந்தக் கறுப்புச் சாயமும் போடாதே.

கடையில் சீப்புகளை ஆளுக்கொன்று என்று பிரித்து, ஒவ்வொரு தலைக்கும் பிறகு சோப்பு நீரில் கழுவிக் காயவை. மருந்துக்கடைக்காரர் நீட்டும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை யாருக்கும் நீயாகச் சொல்லாதே. முதலில் அடங்கும், பிறகு தொற்று பரவித் தடிக்கும். அவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே சட்டம் இறுக்கியாகிவிட்டது.

சடை விழுந்த தலையோடு யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கத்தரியை எடுக்காதே. பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் கும்பிட வரும் கூட்டத்தில் அதை அம்மன் இறங்கிய அடையாளமாகவே காப்பவர்கள் இருப்பார்கள். அடியில் பேனோ புண்ணோ இருந்தால் அதை ஆற்றச் சம்மதம் கேள். வெட்டுவதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

கடைசியாக, நீ படம் அனுப்பிய அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காசளவு வட்டமாக முடி உதிர்ந்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன, சுற்றிலும் செதில். எனக்கு அது தலைப்படை என்றே படுகிறது. ஷாம்புவால் ஆறாது, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும். தாமதித்தால் அந்த இடத்தில் முடி வராமலே போகவும் கூடும். பாண்டிச்சேரி ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, அம்மாவோடு காலையிலேயே கிளம்பச் சொல். பஸ் காசு இல்லை என்றால் நீ கொடு, நான் அனுப்புகிறேன். ஆறும்வரை அந்தப் பிள்ளையின் சீப்பும் துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் தலையையும் நாளைக்கே வகிடெடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா