வண்டியின் கீழ் விழும் துளி

மோட்டார் வண்டி இரவெல்லாம் நின்ற இடத்தில் காலையில் ஈரம் காணப்படுதல் யாவரும் அறிந்ததொன்றே. சிலர் அதனைக் கண்டும் காணாதார் போல் வண்டியைச் செலுத்திச் செல்வர். சிலர் கண்டவுடன் அஞ்சிப் பட்டறைக்கு விரைந்து, வேண்டாத செலவுக்கு ஆளாவர். இவ்விருதிறத்தாரும் செய்யத் தவறுவது ஒன்றே. விழுந்த துளி யாது, எங்கிருந்து விழுந்தது என்று ஆராய்தலே அது. அவ்வாராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. கண், மூக்கு, விரல் என்னும் மூன்றும், ஒரு வெள்ளை அட்டையும், ஒரு கிண்ணம் நீரும் இருப்பின் போதும். ஆய்வுக்கூடத்தில் உப்புக்களைப் பகுத்தறியும் முறையை நம் மாணவர் பலர் கற்கின்றனர். அம்முறையே ஈண்டும் பயன்படுமாற்றை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

யாம் இதனை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், மாணவர் நால்வரை உடன்கொண்டு கொல்லிமலைக்குச் செல்லக் கருதினோம். அம்மலைப் பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது என்பதை அங்குச் சென்றோர் அறிவர். விடியற்காலையில், விடுதியின் முன் இரவு முழுதும் நின்றிருந்த எம் பழைய வண்டியின் கீழே சிறிது ஈரம் இருந்தது. குனிந்து பார்த்தோம்; பெரும்பாலும் நிறமற்றுத் தெளிந்திருந்தது. “குளிர்சாதனத்தின் நீர், வேறொன்றுமில்லை” என்று கூறி, மூட்டைகளை ஏற்றச் சொன்னோம். அருகில் நின்ற விடுதிக் காவலர் முதியவர். இளமையில் லாரியில் கிளீனராக இருந்தவர். அவர் தயங்கித் தயங்கி, “ஐயா, ஏ.சி. தண்ணி முன்னாலே தானே சொட்டும்? இது பின் சக்கரத்துக்கிட்ட இருக்குதே” என்றார். எமக்கு உடனே விடை தோன்றவில்லை. பின்னர் நிகழ்ந்ததை இறுதியிற் கூறுவோம். அவர் எழுப்பிய வினாவே இவ்வாராய்ச்சியின் முதற்படி என்பதை மட்டும் இங்கே குறித்துக் கொள்வோமாக.

ஆராயத் தொடங்குமுன் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழைதல் ஆகாது. விழுந்த திரவம் எதனையும் நாவிற் படவிடலாகாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலும் ஆகாது. அதனுள் நீர் அமுக்கத்துடன் அடைபட்டிருக்கின்றது. வாயுமண்டல அமுக்கம் இருமடங்காகும்போது தூய நீர் கொதிக்கும் வெப்பநிலை 100 டிகிரியினின்று ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்கின்றது. மூடி திறந்தவுடன் அமுக்கம் நீங்கவே, அந்நீர் ஒரு நொடியிற் பொங்கி முகத்தில் அறையும். பெட்ரோலின் மணம் வீசுமாயின், தீக்குச்சியைக் கிழித்தலோ, வண்டியை முடுக்குதலோ கூடாது.

இனி, ஆராய்ச்சிக்கு வருவோம். முதலில் நோக்க வேண்டுவது இடம். மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதனடியில் வெள்ளை அட்டையோ பழைய காகிதங்களோ பரப்பி, நான்கு சக்கரங்களும் நிற்குமிடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்து வைத்தல் வேண்டும். காலையில் வண்டியை அகற்றினால், துளி விழுந்தது எஞ்சினுக்கு நேர் கீழா, கியர்ப் பெட்டிக்குக் கீழா, சக்கரத்தின் உட்புறமா என்பது விளங்கும். ஆயினும், துளி விழுந்த இடமே கசிவின் ஊற்று என்று கொள்ளுதல் பிழை. எண்ணெய் மேலிருந்து வழிந்து, இரும்புச் சட்டங்களின் வழியே ஓடி, மிகத் தாழ்ந்த முனையிற் சொட்டுகின்றது. ஓடும் வண்டியில் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளுதலும் உண்டு. ஆகவே, நனைந்த இடங்களுள் மிக உயரத்தில் உள்ளதைத் தேடுவதே முறை.

இரண்டாவது, நிறமும் மணமும். மூன்றாவது, தொடு உணர்ச்சி. கையுறையணிந்த விரலால் தொட்டு, நீர்போல் ஓடுகின்றதா, வழவழக்கின்றதா, பிசுபிசுக்கின்றதா என அறிதல். நான்காவது, காகிதச் சோதனை. ஒரு துளியை வெள்ளைத்தாளில் வைத்து விட்டால், தூய நீர் கறையின்றி உலர்ந்து போகும். பெட்ரோலும் விரைவில் ஆவியாகும். எண்ணெயோ தாளை ஒளி ஊடுருவும்படி செய்து நிலைத்து நிற்கும். ஐந்தாவது, நீர்ச் சோதனை. கிண்ணத்து நீரில் ஒரு துளியை விட்டால் எஞ்சின் எண்ணெயும், பெட்ரோலும், டீசலும் மேலே மிதக்கும். ரேடியேட்டரின் கூலன்டும், நம் வண்டிகளில் பெரும்பாலும் வழங்கும் பிரேக் ஆயிலும் நீரோடு கலந்து விடும். இவ்வைந்தும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே முடிவு கூறுதல் தகும்.

இனி ஒவ்வொரு திரவத்தையும் தனித்தனியே காண்போம்.

தெளிந்த நீர் பெரும்பாலும் தீங்கற்றது. குளிர்சாதனத்தின் குளிர்ந்த குழாய்களின்மேல் வண்டியினுள் உள்ள காற்று படும்போது, அதிலுள்ள நீராவி பனித்துளியாக மாறி, ஒரு சிறு குழாய் வழியே வெளியே விழுகின்றது. நாகப்பட்டினம், சென்னை முதலிய கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாகலின் இந்நீரும் மிகுதியாகச் சொட்டும். இது பெரும்பாலும் முன்னிருக்கையில் கால் வைக்குமிடத்திற்குக் கீழே விழும். பின்னிருக்கைக்கும் தனிக் குளிர்சாதனம் உள்ள பெரிய வண்டிகளில் பின்புறத்தும் விழலாம். கோடையிலும் இந்நீர் வெளியே சொட்டாமல் உட்புற விரிப்பு நனைந்திருப்பின், அக்குழாய் அடைபட்டதென ஐயுற வேண்டும். புகைபோக்கியின் முனையிற் சொட்டும் நீரும் இயல்பானதே. பெட்ரோலில் உள்ள ஜலவாயு பிராணவாயுவுடன் கூடி எரியும்போது நீர் உண்டாகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நீர் உண்டாகும் என்பது மாணவர் தாமே சமன்பாடெழுதிக் கணக்கிட்டு அறியத்தக்கதாம்.

பச்சை, நீலம், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களுள் ஒன்றைக் கொண்டு, சற்றே இனித்த மணமும் வழவழப்பும் உடையதாயின் அது கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம். எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை நீரிற் கலந்து இதனை ஆக்குவர். வூர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1856-ஆம் ஆண்டில் முதன்முதல் ஆக்கிய பொருள் இது. நிறம் செய்வோர் விருப்பப்படி சாயமிட்டு வந்ததேயாதலால், நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. இப்பொருள் சுவைக்கு இனியது. உடலுக்குக் கொடிய நஞ்சு. உடலுட் சென்றபின் ஆக்ஸாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாயும் பூனையும் இதன் இனிமையால் நக்கி உயிரிழத்தல் உண்டு. எனவே, சிந்தியதை உடனே துடைத்து, நீர் விட்டுக் கழுவுதல் நம் கடமை. கூலன்ட் குறைந்த வண்டியை ஓட்டினால் எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதி வளைந்து பெருஞ்செலவில் முடியும்.

புதியதாயின் தேன்நிறமும், பழையதாயின் கறுப்பும் உடையதாய், எஞ்சினுக்குக் கீழே விழுவது எஞ்சின் ஆயில். இதுவே மிகுதியாகக் காணப்படும் கசிவு. எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணி தளர்ந்திருத்தல், வடிகட்டி சரியாகப் பொருந்தாமை, இடையிலுள்ள கேஸ்கெட் நைந்து போதல் ஆகியவை காரணங்களாம். அளவுகோலை உருவிப் பார்த்து, எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே இருப்பின் மெல்லப் பட்டறை சேரலாம். கீழ்க்குறிக்கும் தாழ்ந்திருப்பின் எண்ணெய் ஊற்றாமல் முடுக்கலாகாது. சிவந்த எண்ணெயாயின் அது தானியங்கிக் கியர்ப் பெட்டியினின்றோ, பவர் ஸ்டியரிங்கினின்றோ வந்ததாகலாம். மின்சாரத்தால் இயங்கும் ஸ்டியரிங் உடைய வண்டிகளிற் பின்னதற்கு இடமில்லை. மிகத் தடித்து, கந்தக நாற்றம் வீசுவது கியர் ஆயில்.

பெட்ரோலை மூக்கே காட்டிக் கொடுக்கும். அது சுழியத்திற்கு ஏறத்தாழ 40 டிகிரி கீழான குளிரிலும் தீப்பற்றும் ஆவியை எழுப்பவல்லது. நம் நாட்டு வெயிலில் அதன் ஆபத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. இக்கசிவு கண்ட வண்டியை அங்கேயே விட்டு, ஆட்களை அகற்றி, மெக்கானிக்கை அழைத்து வருதலே அறிவுடைமை. டீசல் அத்துணை விரைவில் தீப்பற்றாதெனினும், சாலையில் சிந்தினால் இருசக்கர வண்டிகளை வழுக்கி வீழ்த்தும். மின்கலத்தினின்று வழிவது கந்தகத் திராவகம். துணியையும் தோலையும் எரிக்கும். நீல லிட்மசுத்தாளைச் சிவப்பாக்குதலும், சமையற் சோடாவைத் தூவினால் நுரைத்தலும் அதன் அடையாளங்கள். முற்றும் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் எஞ்சின் ஆயில் இல்லை. ஆனால் மின்கலத்தைக் குளிர்விக்கும் திரவம் உண்டு. அங்கே கசிவு கண்டால், ஆரஞ்சு நிற மின்கம்பிகளைத் தொடாது, பயின்றவரிடம் விடுதலே நன்று.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பிரேக் ஆயில். புதிதாயிருக்கையில் நிறமற்றோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும், நாட்பட்டால் பழுப்பாகும். வழவழப்புடையது, வண்டியின் வண்ணப்பூச்சைக் கெடுக்கும். சக்கரத்தின் உட்புறத்திலேனும், ஓட்டுநர் மிதிக்கும் பெடலுக்கு நேரான இடத்திலேனும் காணப்படும். 1921-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டூசன்பெர்க் வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் அமைக்கப்பட்டது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்திய அமுக்கம் எவ்விடத்தும் குறைவின்றிப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை. திரவம் கசிந்து காற்றுப் புகுமாயின் இவ்விதி பயன்படாதொழிகின்றது. ஏனெனில் காற்று அமுங்கும். திரவமோ எளிதில் அமுங்காது. பெடலை மிதித்த விசை காற்றை நெருக்குவதிலேயே செலவாகிப் போகும். இக்கால வண்டிகளில் பிரேக் குழாய்கள் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருத்தலின், ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவும் என்பது உண்மையே. ஆயினும், வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் மிகுந்து விடும். மலைச்சரிவின் வளைவில் அம்மிகுதிக்கு இடமேது?

இனி, எம் கதைக்கு வருவோம். காவலர் அவ்வீரத்தில் விரலை வைத்துத் தேய்த்து, “தண்ணி இல்லீங்க ஐயா, வழவழன்னு இருக்கு. டப்பாவைத் திறந்து பாருங்க” என்றார். முன்மூடியைத் திறந்து, பிரேக் ஆயில் நிற்கும் சிறு கலத்தைப் பார்த்தோம். திரவம் கீழ்க்குறிக்கும் தாழ்ந்திருந்தது. தேய்ந்த பிரேக் கட்டைகளாலும் அம்மட்டம் சிறிது தாழ்தல் உண்டு. ஆனால் இங்கே தரையில் ஈரமும் இருந்தது. பின் இடச்சக்கரத்தின் உட்பக்கத்து டயரும் நனைந்திருந்தது. ஐயத்திற்கு இடமில்லை. பயணம் நின்றது. முற்பகலில் வந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரப்பர் வாஷர் இறுகி வெடித்திருப்பதைக் காட்டினார். அதனை மாற்றி, குழாய்களிற் புகுந்த காற்றையும் வெளியேற்றினார். மறுநாள் மலையேறினோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பெடலின்மேற் கால் வைக்குந்தோறும், அம்முதியவரின் வினாவே எம் நினைவில் எழுந்தது.

யாம் செய்த பிழை யாது? தெளிவு என்னும் ஒரே அடையாளத்தைக் கண்டு முடிவு கட்டியதே. நீரும் தெளிந்தது, புதிய பிரேக் ஆயிலும் தெளிந்தது. இரவெல்லாம் குளிர்சாதனம் இயங்காத வண்டியின் கீழ், விடியற்காலையில் அதன் நீர் ஏன் நிற்க வேண்டும் என்றும் எண்ணினோமில்லை. வகுப்பில், ஒரு சோதனையால் உப்பின் பெயரைக் கூறும் மாணவனை மறுசோதனை செய்துவா என்று திருப்பி அனுப்பும் யாமே, எம் பயணத்திற்கு வசதியான விடையை மறுசோதனையின்றி ஏற்றுக்கொண்டோம். ஏட்டிற் கற்றது ஏட்டளவில் நின்றது. தொழிலிற் கற்றவர் விரலால் தொட்டறிந்தார்.

ஆதலின் நண்பர்களே, வண்டியின் கீழ் ஈரம் கண்டால் இவ்வொழுங்கை நினைவிற் கொள்வீர்களாக: இடத்தைக் குறியுங்கள், நிறத்தையும் மணத்தையும் நோக்குங்கள், தொட்டும், தாளிலும் நீரிலும் இட்டும் பாருங்கள், இறுதியில் வண்டியிலுள்ள கலங்களின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். நீராயின் கவலையின்றிச் செல்லுங்கள். எண்ணெயாயின் மட்டம் பார்த்து மெல்லச் செல்லுங்கள். கூலன்டாயின் ஆறவைத்து, மட்டம் நிரப்பி, அண்மையிலுள்ள பட்டறைக்கன்றி வேறெங்கும் செல்லாதீர்கள். பெட்ரோலோ பிரேக் ஆயிலோ ஆயின், எத்துணை அவசரமாயினும் செல்லாதீர்கள். அருகில் நின்று ஒருவர் தயங்கித் தயங்கி வினா எழுப்பினால், அவர் யாராயினும், வண்டியை முடுக்குமுன் அவ்வினாவிற்கு விடை காணுங்கள்.