சப்ஸ்கிரைப் பட்டன் ஆடுது சரி, அமுக்கினா என்ன ஆகுது?



இந்த வார எபிசோடின் கடைசி அஞ்சு நிமிஷத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு சிவப்புப் பட்டை துள்ளி வரும். ஒரு கை வந்து அதை அமுக்கும். மணி ஆடும், 'டிங்' என்று சத்தம் கேட்கும், எல்லாம் மறைந்துவிடும். அந்தச் சப்ஸ்கிரைப் அனிமேஷனை நம்ம வீடியோவில் எப்படிச் சேர்ப்பது என்று கனடாவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுப்பவர். சின்னப் பிள்ளைகளுக்கான எழுத்துப் பாடங்களை யூடியூபில் போடுகிறார். அவருக்காகத் தொடங்கியதுதான், ஆனால் சமையல் சேனல், பயண சேனல் வைத்திருக்கிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல அடிப்படை ஒண்ணு. அந்தப் பட்டன் வெறும் படம். எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் செய்ததும் உங்கள் முகம், பின்னால் இருக்கும் சுவர், அந்தப் பட்டன் எல்லாமே ஒரே பிக்சல் கூட்டம்தான். யாராவது நிஜமென்று நம்பி அதை அமுக்கினால், கணினியில் வீடியோ நின்றுவிடும். போனில் கண்ட்ரோல்கள் மேலே வந்து படத்தை மறைத்துக்கொள்ளும். "வாங்க, வாங்க"ன்னு கூப்பிட்டுட்டு, வந்தவர் முகத்துல கதவைச் சாத்துற மாதிரி. நமக்கெல்லாம் இது பழகிப்போச்சு, யாரும் அமுக்க மாட்டோம். ஊரிலிருந்து டேப்லெட்டில் பார்க்கிற பாட்டியும், நாலு வயசுப் பேரனும் அமுக்குவார்கள். நம்ம மாதிரிச் சின்னத் தமிழ் சேனல்களைக் கடைசி வரைக்கும் பொறுமையாகப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒரு காலத்தில் அமுக்க முடிந்தது. 2008-இல் யூடியூப் அனோட்டேஷன் என்ற வசதியைக் கொண்டுவந்தது. வரைந்த பட்டனுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்து, அதில் சப்ஸ்கிரைப் இணைப்பைக் கட்டிவிடலாம். போனில் மட்டும் அது வேலை செய்யாது. எல்லோரும் போனுக்கு மாறியதும் அதற்கு அர்த்தமில்லாமல் போய், 2017 மே மாதம் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2019 ஜனவரி 15-ஆம் தேதியிலிருந்து பழைய வீடியோக்களிலும் எடுத்துவிட்டார்கள். இணைப்பு போச்சு, பட்டன் வரைகிற பழக்கம் மட்டும் தங்கிப்போச்சு.

இப்போது வீடியோவுக்கு உள்ளேயே அமுக்கக்கூடியது என்று பார்த்தால் எண்ட் ஸ்கிரீன் ஒன்று. வீடியோ குறைந்தது 25 விநாடி இருக்க வேண்டும், கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் வைக்கலாம். அடுத்தது வலது கீழ் மூலையில் வரும் வாட்டர்மார்க். கணினியில் அதை அமுக்கிச் சப்ஸ்கிரைப் பண்ணலாம், போனில் வெறும் அடையாளம்தான். ஆக, போனில் வீடியோவின் நடுவில் பார்ப்பவருக்கு, நிஜமான பட்டன் பிளேயருக்குக் கீழே மட்டும்தான் இருக்கு.

அதனால் அனிமேஷனின் வேலை அந்த நிஜப் பட்டன் இருக்கும் திசையைக் காட்டுவது. நான் சிபாரிசு செய்வது: அமுக்கும் கை வேண்டாம், கீழ்நோக்கிய ஒரு அம்புக்குறி போதும். போனை நிமிர்த்திப் பிடித்தால் பட்டன் வீடியோவுக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும். கணினியில் கீழே சேனல் பெயருக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் 'கீழே' சரியாக வரும். நிறத்தைப் பற்றியும் ரொம்ப யோசிக்காதீங்க. 2022 அக்டோபர் மாற்றத்தில் நிஜப் பட்டனே சிவப்பை விட்டுவிட்டது. டவுன்லோடு டெம்ப்ளேட்டுகள் இன்னும் சிவப்பிலேயே நிற்கின்றன, பாட்டி சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பார். முழுத்திரையிலும் டிவியிலும் கீழே எதுவும் தெரியாது என்பதால், பட்டை வரும்போது வாயாலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இப்போ நேயரோட விஷயத்துக்கு வரேன். அவருடையது குழந்தைகளுக்கான சேனல், அதனால் கதையே வேறு. குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரித்ததாக 2019 செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியும் நியூயார்க் மாநிலமும் வைத்த குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக 2020 ஜனவரியிலிருந்து, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் வீடியோ குழந்தைகளுக்கானதா இல்லையா என்று குறிக்க வேண்டும். 'ஆம்' என்று குறித்தால் எண்ட் ஸ்கிரீன் கிடையாது, கார்டு கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, கமெண்ட் கிடையாது. மணியும் வேலை செய்யாது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க. சப்ஸ்கிரைப் பண்ணலாம், ஆனால் மணிக்கு வேலையில்லை. குழந்தைகள் வீடியோவில் மணி ஆடுகிற அனிமேஷனைப் போட்டால், இல்லாத ஒன்றை அமுக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். மணியை எடுத்துவிடுங்கள். அதே சமயம், மற்ற கருவிகள் எல்லாம் போய்விட்டதால் இவருக்கு மிச்சம் இருக்கும் ஒரே நினைவூட்டல் இந்த வரைந்த பட்டைதான். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் யாரிடம் கேட்கிறோம்? அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்தால் அந்தப் பாடமே தேவையில்லையே! பட்டையில் இருப்பதைப் படிக்கப்போவது அம்மாவோ அப்பாவோதான். அவர்களிடமே நேராகப் பேசலாம்: "பெற்றோருக்கு: சனிக்கிழமைதோறும் புதுப் பாடம்." கீழே ஒரு அம்பு. பிள்ளை விரலால் 'அ' எழுதிப் பழகும் நேரத்தில் ஓரத்தில் ஏதாவது துள்ளினால் கண் அங்கேதான் ஓடும், பாடம் போச்சு. எண்ட் ஸ்கிரீன் இல்லாததால் கடைசி 20 விநாடி காலியாகத்தான் இருக்கும். பட்டையை அங்கே வையுங்கள், சத்தமில்லாமல். 'டிங்' வேண்டவே வேண்டாம்.

சரி, செய்முறை. பெரும்பாலானவர்கள் தேடி எடுப்பது பச்சைப் பின்னணி கிளிப். அதை வீடியோவுக்கு மேல் டிராக்கில் போட்டு, கேப்கட்டில் குரோமா கீ, டாவின்சி ரிசால்வில் 3டி கீயர் கொண்டு பச்சையை நீக்குவார்கள். வேலை நடக்கும். ஆனால் ஓரத்தில் பச்சை ஈரம் மாதிரி ஒரு கோடு தங்கும். காரணம், சாதாரண எம்பி4 வீடியோவில் வெளிச்ச விவரம் முழுசாகவும், நிற விவரம் நாலு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கிலும்தான் சேமிக்கப்படுகிறது. சிவப்பும் பச்சையும் தொடும் இடத்தில் நிறம் கலங்கிவிடும். ரிசால்வில் டிஸ்பில் என்று ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டால் ஓரளவு குறையும்.

அடுத்த வழி, பின்னணியே இல்லாத கிளிப். இதற்கு ஆல்ஃபா சேனல் உள்ள கோப்பு வேண்டும்: புரோரெஸ் 4444 அல்லது வெப்எம். வழக்கமான எச்.264 எம்பி4-இல் ஆல்ஃபா கிடையாது. 'டிரான்ஸ்பேரண்ட் எம்பி4' என்று யாராவது கொடுத்தால் திறந்து பாருங்க, அநேகமாகக் கறுப்புப் பெட்டிதான் வரும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்காமலிருக்க கேமராவை 25 ஃபிரேமில் வைத்திருப்பீர்கள். டவுன்லோடு கிளிப் 30 ஃபிரேமில் இருந்தால், ஆறுக்கு ஒன்று வீதம் ஃபிரேம் விழுந்து, துள்ளல் நடுவில் தடுமாறும்.

இத்தனை தலைவலிக்கும் என் பதில்: டவுன்லோடே பண்ணாதீங்க. ஒரே ஒரு பிஎன்ஜி படம் போதும். பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்றை 600-க்கு 140 பிக்சல் அளவில் செய்துகொள்ளுங்கள். அதை மேல் டிராக்கில் போட்டு, நகர்வை எடிட்டரிலேயே கீஃபிரேமால் கொடுங்கள். முதல் கீஃபிரேமில் படம் திரைக்கு வெளியே இடப்பக்கம் இருக்கட்டும். 10 ஃபிரேம் கழித்து உள்ளே. 4 விநாடி அசையாமல் நிற்கட்டும். பிறகு 10 ஃபிரேமில் வெளியே. மொத்தம் 5 விநாடிகூட ஆகாது. உள்ளே வரும் கீஃபிரேமுக்கு ஈஸ் கொடுத்தால் வண்டி பிரேக் போட்டு நிற்பதுபோல் மெதுவாக நிற்கும். பச்சை ஓரம் இல்லை, ஃபிரேம் தகராறு இல்லை, அடுத்தவர் சத்தத்துக்குக் காப்புரிமைக் கோரிக்கை வருமோ என்ற பயமும் இல்லை. ஒரு தடவை செய்து வைத்தால் எல்லா வீடியோவுக்கும் அதையே ஒட்டிக்கொள்ளலாம்.

அளவு ஏன் 600? 1920 அகல வீடியோ, நிமிர்த்திப் பிடித்த போனில் சுமார் 7 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். அதில் 600 பிக்சல் என்பது 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எழுத்து 60 பிக்சல் உயரத்துக்குக் குறைந்தால் கண்ணாடி போட்டாலும் தெரியாது. பெற்றோருக்கான அந்த வரி நீளம் என்பதால் அதை இரண்டு வரியாக மடித்து, பட்டை உயரத்தை 200-க்குக் கூட்டிக்கொள்ளுங்கள். இடம் என்று பார்த்தால் இடது கீழ்ப்பக்கம், அடியிலிருந்து 150 பிக்சல் விட்டு. அதற்குக் கீழே நேரக்கோடு வரும், நடுவில் வசன எழுத்து வரும், வலப்பக்கம் வாட்டர்மார்க்.

பிஎன்ஜியைச் சொல்ல இன்னொரு காரணம் நம்ம எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாகும் டெம்ப்ளேட் ஒன்றில் 'தொடருங்கள்' என்று போட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு 'தொ' ஒரே எழுத்து, கணினிக்கு 'த' ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு. அதனால் முதலில் 'த' தோன்றும், அடுத்த ஃபிரேமில் கொம்பு முன்னால் குதித்து வரும், கால் பின்னால் முளைக்கும். 'ள' வந்த பிறகு தலையில் புள்ளி விழும். எடிட்டரின் டெக்ஸ்ட் எஞ்சின் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக இல்லாவிட்டால், கொம்பும் காலும் இடம் மாறியே நிற்கும். தமிழ்ப் பள்ளி வீடியோவில் தமிழ் எழுத்தே உடைந்து தெரிந்தால் நல்லாவா இருக்கும்? பிஎன்ஜியில் எழுத்தை ஒரு தடவை சரியாக வரைந்துவிட்டால் அது அப்படியே இருக்கும். தட்டச்சு விளைவு கட்டாயம் வேண்டுமென்றால், எழுத்து எழுத்தாக வேண்டாம், சொல் சொல்லாக வரவையுங்கள்.

என்ன சொல் போடுவது? 'சந்தா' என்று எழுதினால் பெரியவர்கள் காசு கட்டச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள், நியாயம்தான். யூடியூபின் தமிழ் முகப்பில் பார்த்த 'குழுசேர்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. சேனலில் எங்கே குழு இருக்கு? பேச்சில் எல்லோரும் சொல்வது 'சப்ஸ்கிரைப்'. பட்டையில் அதையே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'இலவசம்' என்று சேர்த்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

சமையல், பயணம் என்று பெரியவர்களுக்கான சேனல் என்றால் நேரம் மாறும். முதல் 30 விநாடியில் போடாதீங்க. வந்தவர் இன்னும் செருப்பையே கழற்றவில்லை. முதல் உருப்படியான விஷயத்தைக் கொடுத்த பிறகு போடுங்கள். தோசை கல்லிலிருந்து எழும்பி வந்தபிறகு கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு தடவை போதும்.

போட்ட பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிட்டிக்ஸைத் திறந்து, பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தில் பட்டை வரும் விநாடியைப் பாருங்கள். அங்கே திடீரென்று ஒரு பள்ளம் தெரிந்தால் இடத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள். அந்த வீடியோவிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். பட்டை போட்ட நாலு வீடியோ, போடாத நாலு வீடியோ என்று வைத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். ஒரே வீடியோவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கனடா நேயருக்கு: உங்கள் பட்டைப் படத்தை அனுப்புங்கள், போனில் வைத்துப் பார்த்துச் சொல்கிறோம். மணி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்!