கண்ணோரத்துத் திரை

கேள்வி: வயது 42. சிரித்தால் கண்ணோரம் கோடு விழுகிறது. இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் உண்டா? க்ரீம் போட்டால் போகுமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பேச்சில் சுருக்கம் என்கிறோம், பழைய சொல் 'திரை'. 'நரை, திரை, மூப்பு' என்கிறோமே, அந்தத் திரைதான். காவிரி அலைக்கும் அதே பெயர். உங்களுக்குப் பக்கத்து உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார். இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே என்று அவரிடம் கேட்டார்களாம். நல்ல மனைவி மக்கள், சொல் கேட்கும் ஏவலர், நேர்மையான அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்கினார். புறநானூற்றின் 191ஆம் பாட்டு அது. மனநிறைவை அவர் முன்னே வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கண்ணைச் சுற்றிய தோல் மிக மெல்லியது. சிரிக்கும்போதும், வெயிலுக்குக் கண்ணை இடுக்கும்போதும் அடியிலுள்ள வட்டத் தசை அதை மடிக்கிறது. வெயிலும் புகைப்பழக்கமும் மடிப்பை நிலைக்கச் செய்கின்றன. திருச்சி வெயிலுக்குக் குடை, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் மூன்றும் உதவும். ஆழமாக விழுந்த கோட்டை எந்தக் க்ரீமும் முழுதாக அழிக்காது. மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கண்ணருகே தடவாதீர்கள். தோல் மெலியும், கண் அழுத்தமும் கூடலாம்.