இரண்டாவது லென்ஸ் எது?

கேள்வி: என்னிடம் கேனன் 1500டி கேமரா இருக்கிறது. அதோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். தங்கையின் பரதநாட்டிய நிகழ்ச்சியில் எடுத்த படங்களில் முகம், கை, கால் எல்லாம் கலங்கிப்போயின. கடையில் 75-300 வாங்கச் சொல்கிறார்கள். அண்ணனோ 50 மி.மீ. போதும் என்கிறார், அதில் ஜூமே கிடையாதாமே? கூந்தன்குளம் போய்ப் பறவைகளையும் எடுக்க ஆசை. கையில் ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்கலாம்? டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டது, லென்ஸில் பணம் போடாதே என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அண்ணன் சொன்னதைக் கேளுங்கள். 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்குங்கள். ஏன் என்று தெரிந்துகொண்டால், பின்னாளில் மூன்றாவது லென்ஸ் வாங்க யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

எது நல்ல லென்ஸ் என்ற கேள்வியோடு கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எது இருக்கிறதோ அதுதான் நல்ல லென்ஸ். கையில் இருக்கும் 18-55 எங்கே காலை வாரியது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் அது மூன்று இடங்களில்தான் தோற்கும்: வெளிச்சம் குறைந்த இடம், எட்டாத தூரம், பின்னால் நகர வழியில்லாத சின்ன அறை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் நாட்டியப் படங்கள் கெட்டது வெளிச்சக் குறைவால். கடையில் காட்டிய 75-300 தூரத்துக்கான மருந்து.

உங்கள் லென்ஸை 55 வரை திருகினால் அதன் வாய் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும். எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். அரங்கில் ஐஎஸ்ஓ 3200 வைத்தும் 1/25 நொடிதான் ஷட்டர் வேகம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதே ஐஎஸ்ஓவில் 50 மி.மீ. லென்ஸ் 1/250 நொடி தரும். 1/25 நொடிக்குள் ஆடுபவரின் கை படம் கலங்கும் அளவுக்கு நகர்ந்துவிடும். 1/250இல் முத்திரை பிடித்த விரல்கள் தனித்தனியாகத் தெரியும்.

ஐஎஸ் இருக்கும் லென்ஸ் கலங்காமல் எடுக்குமே என்று தோன்றலாம். ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். ஆடுபவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. 50 மி.மீ. லென்ஸில் ஐஎஸ் கிடையாது. நாட்டியத்துக்கு அது ஒரு குறையே இல்லை. லென்ஸ் கைகொடுத்தாலும் எப்போது அமுக்குவது என்பது உங்கள் பொறுப்பு. ஜதி முடிந்து தீர்மானத்தில் அரைமண்டியில் ஒரு கணம் உறைந்து நிற்பார்களே, அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். தங்கையோடு ஒத்திகைக்குப் போய் வந்தால் அது எப்போது வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜூம் இல்லாதது குறையா? அரங்கில் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. 1500டியின் சென்சார் சிறியது என்பதால், பழைய ஃபிலிம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுதான் இதில் 50 மி.மீ. காட்டும். மேடையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி அமர்ந்து, கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் சுமார் 2.7 மீட்டர் உயரம் அடங்கும். கையை உயர்த்தி ஆடும் ஒருவர் தலை முதல் சலங்கை வரை அழகாக உள்ளே வருவார். பதினைந்து மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அவர் பொம்மை மாதிரி சிறுத்துவிடுவார். வீட்டுக்குள்ளோ இதற்கு நேர்மாறு: மூன்று மீட்டர் தூரத்தில் அகலவாக்கில் 1.3 மீட்டர்தான் அடங்கும். குடும்பப் படத்துக்கு 18-55ஐயே மாட்டிக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரு செலவில்லாத சோதனை செய்து பாருங்கள். உங்கள் 18-55ஐ 50க்குப் பக்கத்தில் திருகி வைத்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். ஜூம் இல்லாமல் நடந்து நடந்து எடுப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா, எரிச்சலூட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

எஃப்/1.8இல் ஒரு பொறி உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. கண் தெளிவாக இருக்கும், காதிலுள்ள ஜிமிக்கி கரைந்துபோகும். கிட்டத்தில் எடுக்கும்போது எஃப்/2.8க்கோ எஃப்/4க்கோ மாறிக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் தூரத்தில் அந்த ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டராகிவிடும், மேடைக்கு எஃப்/1.8ஐத் தயங்காமல் வைக்கலாம். ஃபோகஸுக்கு நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கேமராவில் உள்ள ஒன்பது புள்ளிகளில் மங்கிய வெளிச்சத்தில் அதிகம் நம்பத்தக்கது அதுதான்.

இனி கூந்தன்குளம். அங்கே பறவைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுவதால் ஆரம்பநிலைக்காரர்களுக்கு அது நல்ல இடம். ஆனாலும் 50 மி.மீ. போதாது. பணம் சேர்ந்ததும் 55-250 எஃப்/4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்குங்கள். பதினைந்து மீட்டர் தூரத்துக் கூட்டை 250இல் பார்த்தால் 1.3 மீட்டர் அகலம் தெரியும்; மஞ்சள்மூக்கு நாரை சட்டத்தை நிறைத்து நிற்கும். குளத்தின் அக்கரையில், நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவை எந்த மலிவு ஜூமிலும் புள்ளிதான்.

75-300 வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் அந்த லென்ஸில் ஐஎஸ் இல்லை. 300இல் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/500 நொடி வேண்டும். உச்சி வெயிலில் சரி; பறவைகள் கூடு திரும்பும் சாயங்காலத்தில் திண்டாட்டம். கூடுதலாகக் கிடைக்கும் 50 மி.மீ.க்காக ஐஎஸ்ஸை விட்டுக்கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

55-250ஐப் பழையதாக வாங்கினாலும் தப்பில்லை. லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி, கிட்டத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். மழைக்காலத்தில் உங்கள் லென்ஸ்களையும் தோல்பையில் பூட்டி வைக்காதீர்கள். இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைப்பது நல்லது.

நிக்கான் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ், வீட்டுக்கும் விழாவுக்கும் பொருத்தமான லென்ஸ்.

டிஎஸ்எல்ஆர் பற்றிய பயம் வேண்டாம். நாளைக்கு நீங்கள் கேனனின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்கு மாறினாலும், கேனன் விற்கும் அடாப்டரை இடையில் மாட்டி 50 மி.மீ., 55-250 ஆகிய இரண்டு லென்ஸ்களையும் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். பலர் மிரர்லெஸ்ஸுக்குத் தாவுவதால் பழைய லென்ஸ்கள் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிற உங்களுக்கு அது லாபம்.

முதலில் 50 மி.மீ., பறவை ஆசை ஆறு மாதம் தாண்டியும் நிலைத்தால் 55-250. தங்கையின் அடுத்த நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்னதாகவே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுங்கள். ஃபிளாஷை மட்டும் அணைத்து வையுங்கள். ஆடுகிறவர் கண்ணில் வெளிச்சத்தைப் பாய்ச்சி எடுக்கும் படம் நமக்கு வேண்டாம்.