பழைய இதழ்களை என்ன செய்வது?

பெற்றோருக்குப் பணிமாற்றம் வரும்போது, பரணில் அடுக்கிய பழைய தமிழ் இதழ்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழும். ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் பெட்டியில் இடம் தேடி ஏற்றி வந்தவை அவை. கபாடிக்காரரின் தராசுக்குத் தமிழ் இதழும் இந்தி நாளிதழும் ஒன்றே. ஆயினும் தில்லியிலோ நாகபுரியிலோ எடைக்குப் போட்ட தமிழ் இதழை மீண்டும் பெறுதல் அரிது. ஆகவே முதலில் அவற்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்ச் சிறுகதைகளும் புதினங்களும் பல முதலில் இதழ்களிலேயே வெளிவந்தன. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. அக்காலத்து வாசகர் பலர் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, அட்டையிட்டுத் தைத்து வைத்தனர். ஓவியர் மணியம் வரைந்த படங்களும் அவற்றுடன் சேர்ந்தே காக்கப்பட்டன. அத்தகைய தொகுப்பு உங்கள் வீட்டில் இருக்குமானால், அதனை எவருக்கும் எடைபோட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பவர் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். பிறர் குப்பை எனக் கழித்தவை அவை! அவர் 1992ஆம் ஆண்டு மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அத்தொகுப்பை வாங்கியது. எனினும் அது கடல் கடந்து செல்லவில்லை. சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பழைய விளம்பரம் ஒன்றிலிருந்து அக்கால மக்களின் உடையையும் பொருள்களின் விலையையும் ஆய்வாளர் அங்கே அறிகின்றனர்.

காக்க வேண்டியவற்றில் துருப்பிடித்த கம்பிகளை முதலில் அகற்றுக. மலிவான தாள் வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும். ஆதலால் வெயில் படாத, ஈரமற்ற இடத்தில் வைத்தல் நன்று. இராமபாணப் பூச்சி அணுகாதிருக்க, வசம்புத் துண்டுகளை இடையே வைப்பது நம் முன்னோர் வழக்கம்.

ஒரே இதழில் இரண்டு படிகள் இருந்தால் ஒன்றை உங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்க நூலகத்திற்கு வழங்கலாம். அங்கும் இடம் குறைவே. கேட்ட பின்னரே கொண்டு செல்க.

கிழிந்தவையும் சிதைந்தவையும் கத்தரிக்கோலுக்கு உரியவை. தலைப்புகளில் உள்ள பெரிய எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினால், தமிழ் எழுத்து அறியாத தம்பி தங்கையர்க்கு நல்ல எழுத்தட்டைகள் கிடைக்கும். ழ, ள, ற ஆகியவற்றை மிகுதியாக வெட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் தடுமாறும் எழுத்துகள் அவையே. வழவழப்பான அட்டைகளைக் கொண்டு குறிப்பேடுகளுக்கு உறையிடலாம். தின்பண்டம் மட்டும் பொதிய வேண்டா. அச்சு மை உடலுக்குத் தீங்கு செய்யும்.

பயிற்சி

1. 'எடைக்குப் போடுதல்' என்னும் தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.
2. ரோஜா முத்தையா எவற்றையெல்லாம் சேர்த்தார்?
3. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய தமிழ் இதழைத் தேடி எடுத்து, அதன் பெயர், ஆண்டு, விலை ஆகியவற்றை எழுதுக. அதனை ஊரிலிருந்து கொண்டுவந்தவர் யார் எனக் கேட்டறிந்து ஐந்து வரிகள் எழுதுக.